ஆர்கெஸ்ட்ரா பயணப் பணம் யாருடைய கணக்கில்?

வாசகர் கேள்வி: டாலஸுக்கு வடக்கே ஒரு புறநகரில் இருக்கிறோம். மகள் பத்தாம் வகுப்பு. பள்ளி ஆர்கெஸ்ட்ராவில் வயலின் வாசிக்கிறாள். இந்த வருஷம் பெற்றோர் நடத்தும் ஆர்கெஸ்ட்ரா பூஸ்டர் கிளப்புக்கு என்னைப் பொருளாளராகப் போட்டுவிட்டார்கள். ஏப்ரலில் ஒரு போட்டிக்குப் போக ஆசிரியர் தலைக்கு 640 டாலர் வசூலிக்கிறார். "ஸ்கூல் ஆபீஸ் வழியாகப் போனால் ஒரு செக் வாங்க மூன்று வாரம் ஆகிறது. பணத்தை உங்கள் கிளப் கணக்கில் போட்டு, பஸ் கம்பெனிக்கு நீங்களே கொடுத்துவிடுங்கள்" என்கிறார். நல்ல மனிதர், ஒரு காசு தொடமாட்டார். சரி என்று சொல்லலாமா? இன்னொன்று: நிதி திரட்ட சாக்லேட் விற்கிறோம். அதிகம் விற்ற பிள்ளைக்கு அந்த லாபத்தை அவள் பயணக் கட்டணத்தில் கழிக்கச் சொல்லிச் சில பெற்றோர் கேட்கிறார்கள். என் கணவரோ, "பாண்டு என்று கடன் பத்திரம் போட்டுக் கோடிக்கணக்கில் ஸ்டேடியம் கட்டுகிறார்கள், டீச்சருக்குச் சம்பளம் கூட்ட மட்டும் காசில்லையாம். இவர்களை யார் கணக்குக் கேட்கிறார்கள்?" என்கிறார். உண்மையிலேயே யார் கேட்கிறார்கள்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம். ஆசிரியர் கேட்பதற்கு, வேண்டாம். அதிகம் விற்ற பிள்ளைக்குக் கழிவு தருவதும் வேண்டாம். உங்கள் கிளப்பையே இழுத்து மூடவைக்கக்கூடியது இந்த இரண்டாவதுதான். உங்கள் கணவரின் கேள்விக்குத்தான் பதில் கொஞ்சம் நீளும். டெக்சாஸ் பள்ளி மாவட்டங்களின் கணக்கைத் தணிக்கை செய்து பிழைக்கிறவன் நான், அவர் கேட்டதை என் தொழிலைப் பற்றிய கேள்வியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே 'ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்' என்பது நம் ஊர்க் கல்வி மாவட்டம் மாதிரி அரசுத் துறையின் கிளை ஆபீஸ் கிடையாது. தானே சொத்துவரி விதிக்கும், தானே கடன் வாங்கும், தேர்தலில் ஜெயித்த போர்டு ஒன்று நடத்தும் ஒரு குட்டி அரசாங்கம். டெக்சாஸில் இப்படி ஆயிரத்துக்கு மேல் உண்டு. பெரும்பாலும் போர்டுக்கு ஏழு பேர், சம்பளம் கிடையாது.

இந்தக் குட்டி அரசாங்கத்தின் பணத்தைப் புரிந்துகொள்ளக் கோயிலை நினைத்துக்கொள்ளுங்கள். அன்னதானத்துக்கு என்று எழுதிக் கொடுத்த பணத்தை எடுத்துக் கோபுரத்துக்கு வண்ணம் அடிக்கக்கூடாது. அடித்தால், கோயில் அழகாக இருக்கிறதே என்று யாரும் விட்டுவிடமாட்டார்கள். பள்ளி மாவட்டத்திலும் ஒவ்வொரு டாலருக்கும் ஒரு பெயர் உண்டு, பெயருக்கு ஒரு எண் உண்டு. மாநிலம் முழுக்க ஒரே எண்கள்தான். 199 என்றால் பொது நிதி, சம்பளமும் கரண்ட் பில்லும் அதிலிருந்து போகும். 240 பிள்ளைகளின் சாப்பாட்டு நிதி. 599 கடன் அடைக்கும் நிதி. 461 பள்ளி வளாகச் செயல்பாட்டு நிதி, பள்ளி முதல்வர் பார்த்துச் செலவு செய்வது. 865 மாணவர் செயல்பாட்டு நிதி, அதாவது பிள்ளைகளின் சங்கமே சேர்த்து, எதற்குச் செலவழிப்பது என்று அதுவே முடிவு செய்வது. 865-ல் இருக்கும் பணத்துக்கு மாவட்டம் வெறும் காவல்காரன்.

ஒரு பள்ளி ஊழியர், பள்ளி ஊழியர் என்ற ஹோதாவில், பள்ளிப் பயணத்துக்காகப் பிள்ளைகளிடம் வாங்கும் பணம், அவர் கைக்கு வந்த நொடியிலிருந்து மாவட்டத்தின் பொறுப்பு. அது 461-லோ 865-லோ போய் உட்காரவேண்டும். எதில் என்பது, செலவை யார் முடிவு செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. உங்கள் பூஸ்டர் கிளப் அந்த வட்டத்துக்கே வெளியே இருக்கிறது. அதற்குத் தனி வரி எண், தனி வங்கிக் கணக்கு, தனி நிர்வாகிகள். பள்ளியின் வரி எண்ணை கிளப் பயன்படுத்தக்கூடாது, கிளப்பின் செக்கில் பள்ளி ஆசிரியர் கையெழுத்துப் போடக்கூடாது. நடுவில் ஒரு மதில் இருக்கிறது. ஆசிரியர் அந்த மதிலுக்கு மேலாகப் பணப்பையை உங்கள் பக்கம் வீசப் பார்க்கிறார், நல்ல எண்ணத்தில்தான்.

பயணத்தை ஆரம்பம் முதலே கிளப் நடத்தினால் விஷயம் வேறு. பெற்றோர்களே அறிவித்து, பெற்றோர்களே வசூலித்து, பஸ் ஒப்பந்தத்தில் கிளப் தலைவரே கையெழுத்துப் போட்டால், கிளப் கணக்கிலிருந்தே செலவு செய்யலாம். ஆனால் அப்போது பஸ் கவிழ்ந்தால் பொறுப்பும் கிளப்புக்கு வரும். அதற்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். இருக்காது.

அந்த ஆசிரியரிடம் ஒரு விஷயத்தை மென்மையாகச் சொல்லவேண்டும். டெக்சாஸ் குற்றவியல் சட்டத்தில், நம்பி ஒப்படைத்த சொத்தைத் தவறாகக் கையாள்வது ஒரு தனிக் குற்றம். பணம் சொந்தப் பைக்குள் போயிருக்கவேண்டும் என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை. விதிக்கு மாறாக, நஷ்டம் வரக்கூடிய ஆபத்தோடு தெரிந்தோ அலட்சியமாகவோ கையாண்டிருந்தாலே போதும். "நான் ஒரு காசு தொடவில்லையே" என்பது மனசாட்சிக்குப் போதும், அரசு வழக்கறிஞருக்குப் போதாது.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன், ஊர் பெயர் வேண்டாம். ஒரு பள்ளியில் இருபது வருஷம் வேலை பார்த்த ஆசிரியை. பிள்ளைகள் கொடுத்த பணத்தையெல்லாம் ஒரு பழுப்புக் கவரில் போட்டு மேஜை டிராயரில் வைத்திருந்தார். நாங்கள் எண்ணியபோது பட்டியலைவிட 310 டாலர் குறைந்தது. அவர் எடுக்கவில்லை என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் டிராயருக்குப் பூட்டில்லை, ரசீது இல்லை, யார் எப்போது கொடுத்தார்கள் என்ற எழுத்து இல்லை. தான் எடுக்கவில்லை என்று காட்ட அவரிடம் ஒன்றுமே இல்லை. அழுதுகொண்டே சொந்தப் பணத்தைக் கட்டினார். அடுத்த வருஷம் ஓய்வு வாங்கிக்கொண்டார். ஒரு ரசீதுப் புத்தகம் இருந்திருந்தால் அன்றைக்கு அவர் அழுதிருக்க வேண்டியதில்லை.

நம் கல்யாணங்களில் மொய் எழுதுகிற இடத்தைப் பாருங்கள். ஒருத்தர் கவரை வாங்கிப் பிரித்து எண்ணுவார், பக்கத்தில் ஒருத்தர் நோட்டில் பேரும் ஊரும் தொகையும் எழுதுவார். இரண்டு பேருமே சொந்தக்காரர்கள்தான், சந்தேகத்தில் யாரும் இரண்டு பேரை உட்காரவைக்கவில்லை. தணிக்கைப் பாடப் புத்தகங்கள் இதற்கு ஒரு அத்தியாயமே ஒதுக்கியிருக்கின்றன. சாரம் என்னவோ மொய் நோட்டுதான். பணம் வாங்குகிறவர், எழுதுகிறவர், பேங்கில் கட்டுகிறவர், மாதக் கடைசியில் பேங்க் ஸ்டேட்மென்ட்டை ஒத்துப்பார்க்கிறவர் எல்லாம் ஒரே ஆளாக இருக்கக்கூடாது.

சரி, இரண்டாவது கேள்வி. விற்ற பிள்ளைக்கே லாபம் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. உழைத்தவனுக்குத்தானே கூலி? வருமான வரித் துறையான ஐ.ஆர்.எஸ். அதை அப்படிப் பார்ப்பதில்லை. உங்கள் கிளப் வரிவிலக்குப் பெற்ற அறநிறுவனம் என்றால், அதன் வருமானம் தனி ஆட்களின் பைக்குப் போகக்கூடாது. வர்ஜீனியாவில் ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் பூஸ்டர் கிளப் இதையேதான் செய்தது. பெற்றோர் விற்ற அளவுக்குப் பாயின்ட் கொடுத்து, அவரவர் பிள்ளையின் கட்டணத்தில் கழித்தார்கள். விற்காத வீட்டுப் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. ஐ.ஆர்.எஸ். வரிவிலக்கை ரத்து செய்தது. கிளப் வழக்குப் போட்டது. 2013-ல் வரி நீதிமன்றம் ஐ.ஆர்.எஸ். பக்கமே தீர்ப்பு சொன்னது. இன்றைக்கும் பல கிளப்கள் இதைச் செய்துகொண்டிருக்கின்றன, 'எல்லாரும் செய்கிறார்கள்' என்று உங்களிடமும் சொல்வார்கள். சொல்லட்டும்.

வரும் லாபத்தைப் பயணம் போகும் எல்லோருக்கும் சமமாகப் பிரித்துக் கட்டணத்தைக் குறையுங்கள். 640 என்பது 560 ஆகட்டும். கட்ட முடியாத குடும்பம் இருந்தால், பள்ளியிடம் கேட்கச் சொல்லுங்கள். கட்டணம் வாங்கும் மாவட்டம், முடியாதவர்களுக்கு அதைத் தள்ளுபடி செய்யவும் ஒரு வழிமுறை வைத்திருக்கவேண்டும் என்பது டெக்சாஸ் கல்விச் சட்டம். இது பல பெற்றோருக்குத் தெரியாது, கேட்கவும் கூச்சப்படுவார்கள். பொருளாளராக நீங்கள் செய்யக்கூடிய நல்ல காரியங்களில், இதைக் கடிதத்தின் கடைசியில் ஒரு வரியாகச் சேர்ப்பதும் ஒன்று.

கையோடு இரண்டு சின்ன விஷயம். ஆண்டு வரவு வழக்கமாக 50,000 டாலருக்குள் இருக்கும் கிளப், ஐ.ஆர்.எஸ்.ஸுக்கு வருஷா வருஷம் ஒரு மின் அஞ்சலட்டைப் படிவம் அனுப்பினால் போதும், பத்து நிமிஷ வேலை. தொடர்ந்து மூன்று வருஷம் மறந்தால் வரிவிலக்கு தானாகவே போய்விடும். பொருளாளர்கள் மாறிக்கொண்டே இருப்பதால் இது அடிக்கடி நடக்கிறது. உங்களுக்கு முன்னால் இருந்தவர் அனுப்பினாரா என்று இன்றைக்கே பாருங்கள். அப்புறம், வரிவிலக்குள்ள கிளப் டெக்சாஸில் ஒரு காலண்டர் வருஷத்தில் இரண்டு நாள் விற்பனை வரி வாங்காமல் விற்கலாம். சாக்லேட் விற்பனையை அந்த இரண்டில் ஒன்றாக வையுங்கள்.

இப்போது உங்கள் கணவருக்கு வருகிறேன்.

ஸ்டேடியத்துக்குப் பணம் இருக்கிறது, சம்பளத்துக்கு இல்லை என்பது பொய்க் கணக்கு மாதிரித் தெரியும். ஆனால் உங்கள் வீட்டுச் சொத்துவரி பில்லை எடுத்துப் பாருங்கள். பள்ளி மாவட்டத்தின் வரி விகிதம் இரண்டு துண்டாக இருக்கும். ஒன்று நடப்புச் செலவுக்கு, 'எம் அண்ட் ஓ' என்பார்கள். மற்றது கடனுக்கு வட்டியும் அசலும் கட்ட, 'ஐ அண்ட் எஸ்'. இரண்டாவது துண்டில் வந்த பணத்தில் ஒரு ஆசிரியருக்கு ஒரு நாள் சம்பளம்கூடக் கொடுக்க முடியாது. பாண்டு விற்று வந்த பணமும் அப்படித்தான்: கட்டடம், நிலம், தளவாடம், பஸ் மாதிரியான காரியங்களுக்கு மட்டும், அதுவும் வாக்காளர்கள் ஓட்டுப் போட்ட காரியத்துக்கு மட்டும். சம்பளம் முதல் துண்டிலிருந்து வரவேண்டும். அதன் கழுத்து மாநிலத் தலைநகர் ஆஸ்டினில் சட்டமன்றத்தின் கையில் இருக்கிறது. மாநிலம் ஒரு மாணவருக்கு என்று கணக்கிடும் அடிப்படைத் தொகை 2019-ல் 6,160 டாலராக ஆனது, அப்படியே ஆறு வருஷம் நின்றது. விலைவாசி நின்றதா? 2025-ல் அதை 55 டாலர் ஏற்றினார்கள், சம்பளத்துக்கென்று தனியாகவும் பணம் ஒதுக்கினார்கள். அதனால் கணவரின் கோபம் நியாயம்தான், பாதிக் கோபத்தை ஸ்டேடியத்திலிருந்து ஆஸ்டினுக்குத் திருப்பச் சொல்லுங்கள்.

ஸ்டேடியத்தின் மேலேயே கோபம் என்றால் அதற்கும் இடம் இருக்கிறது. 2019-க்கு முன்பெல்லாம் வகுப்பறையோடு ஸ்டேடியத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஓட்டுக்கு விடலாம். வகுப்பறை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? அந்த வருஷம் வந்த ஒரு சட்டம் பெரிய ஸ்டேடியம், நீச்சல் குளம் போன்றவற்றைத் தனித் தனிக் கேள்வியாகக் கேட்கவேண்டும் என்றது. 'இது ஒரு சொத்துவரி உயர்வு' என்று வாக்குச் சீட்டிலேயே பெரிய எழுத்தில் அச்சிட இன்னொரு சட்டம் வைத்தது. ஆகவே உங்கள் ஊரில் ஸ்டேடியம் வந்தது அதற்குப் பிறகு நடந்த ஓட்டில் என்றால், உங்கள் அக்கம்பக்கத்தார் ஸ்டேடியம் என்று தெரிந்தே ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். உங்கள் கணவர் அன்றைக்கு ஓட்டுப் போடப் போனாரா என்று நான் கேட்கவில்லை.

யார் கேட்கிறார்கள் என்பதற்கு வருவோம். பட்ஜெட்டிலிருந்து ஆரம்பிக்கலாம். போர்டு பொதுக் கூட்டம் நடத்தி நிறைவேற்றிய பட்ஜெட்டில் இல்லாத செலவுக்கு ஒரு டாலர்கூடப் போகக்கூடாது. தேவைப்பட்டால் பட்ஜெட்டைத் திருத்தலாம், ஆனால் செலவுக்கு முன்னால் திருத்தவேண்டும். ஒதுக்கியதைவிட அதிகச் செலவுக்குத் தெரிந்தே ஓட்டுப் போடும் போர்டு உறுப்பினர் மேல் குற்ற வழக்கே போடலாம். அபராதம் சின்னதுதான், ஆனாலும் சம்பளம் இல்லாமல் சேவைக்கு வந்த மனிதர் கோர்ட்டுக்குப் போகவேண்டியிருக்கும் என்ற நினைப்பு கூட்டங்களில் நன்றாகவே வேலை செய்கிறது.

கொள்முதலில் விதி இன்னும் கடுமை. பன்னிரண்டு மாதத்தில் ஒரே வகைப் பொருளுக்கு மொத்தம் 50,000 டாலரைத் தொட்டால் போட்டி முறையில்தான் வாங்கவேண்டும் என்று நெடுநாள் இருந்தது, 2025-ல் அதை ஒரு லட்சமாக்கினார்கள். புத்திசாலிகள் உடனே என்ன செய்வார்கள்? ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கான வேலையை மூன்று நாற்பதாயிரமாக வெட்டுவார்கள். அப்படி வெட்டுவதே சிறைத் தண்டனைக்குரிய குற்றம் என்று சட்டம் பெயர் சொல்லி எழுதியிருக்கிறது. வாங்கின பொருள் நல்லதா, விலை நியாயமா என்பதெல்லாம் அப்புறம். நாங்கள் தணிக்கைக்குப் போனதும் முதலில் தேடுவது வரம்புக்குச் சற்றுக் கீழே வரிசையாக நிற்கும் பில்களைத்தான்.

பணத்தை எங்கே வைப்பது என்பதற்கும் சட்டம் உண்டு. மாவட்டம் தனக்கு ஒரு வங்கியைப் போட்டி முறையில் தேர்ந்தெடுக்கவேண்டும். வங்கியில் போட்ட பணத்துக்கு எஃப்.டி.ஐ.சி. என்ற மத்திய அரசு அமைப்பு தரும் காப்பீடு 250,000 டாலரோடு நின்றுவிடும், பள்ளி மாவட்டத்தின் கணக்கிலோ கோடிகள் கிடக்கும். மிச்சத்துக்கு ஈடாக வங்கி கடன் பத்திரங்களை அடகு வைக்கவேண்டும். வங்கி மாவட்டத்துக்கு அடகு வைக்கிற இந்தத் தலைகீழ் ஏற்பாடு எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். முதலீடு செய்யும்போது எதற்கு முதலிடம் என்ற வரிசையையே சட்டம் எழுதிவிட்டது: முதலில் அசலின் பாதுகாப்பு, அடுத்து வேண்டும்போது எடுக்கும் வசதி, கடைசியில்தான் வட்டி.

அந்த வரிசையை ஏன் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறார்கள் என்று புரிய கலிஃபோர்னியாவின் ஆரஞ்ச் கவுன்டிக்குப் போகவேண்டும் (கவுன்டி என்றால் நம் ஊர் ஜில்லா மாதிரி). அங்கே பள்ளி மாவட்டங்களின் பணம் கவுன்டி கருவூலத்தில் இருக்கும். கருவூல அதிகாரி ராபர்ட் சிட்ரன், மற்ற கவுன்டிகளைவிட அதிக வட்டி வாங்கிக் கொடுத்தார், ஊரே கொண்டாடியது. போட்ட பணத்தை ஈடாக வைத்து மேலும் கடன் வாங்கி, வட்டி ஏறாது என்று பந்தயம் கட்டியதால் வந்த வட்டி அது. சில பள்ளி மாவட்டங்கள் கடன் வாங்கிக்கூட அந்தக் கூட்டு நிதியில் போட்டன. 1994-ல் வட்டி விகிதம் ஏறியது. டிசம்பரில் கவுன்டி திவால் மனு கொடுத்தது. நஷ்டம் ஏறத்தாழ 160 கோடி டாலர். சிட்ரன் தனக்கென்று ஒரு டாலர் எடுக்கவில்லை. உங்கள் ஆசிரியரைப் போல அவரும் காசு தொடாத மனிதர்தான்.

தொட்ட மனிதர் கதையும் ஒன்று. நியூயார்க் லாங் ஐலண்டில் ராஸ்லின் என்று ஒரு பணக்கார மாவட்டம். பிள்ளைகள் பெரிய பல்கலைக்கழகங்களுக்குப் போனார்கள், வீட்டு விலை ஏறியது, சூப்பரின்டென்டென்ட், அதாவது மாவட்டத்தின் தலைமை நிர்வாகி, ஃபிராங்க் டஸ்ஸோனை எல்லோரும் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். 2002-ல் நிதி அதிகாரியின் மகன் மாவட்டத்தின் கிரெடிட் கார்டில் வீட்டுக்குச் சாமான் வாங்கியது தெரியவந்தது. போர்டு என்ன செய்தது? வெளியே தெரிந்தால் பேர் கெட்டுவிடும் என்று அந்த அம்மாவைப் பணத்தைத் திருப்பிக் கட்டவைத்துச் சத்தமில்லாமல் அனுப்பிவைத்தது. அப்படி அனுப்பிவிடலாம் என்று சொன்னதே டஸ்ஸோன்தான். 2005-ல் மாநிலக் கணக்குத் தணிக்கை வந்தபோது போன தொகை 1 கோடியே 12 லட்சம் டாலர் என்று தெரிந்தது. கப்பல் சுற்றுலா, கார், வீடு, பல் மருத்துவம் என்று நீண்டது பட்டியல். டஸ்ஸோன் சிறைக்குப் போனார். வருஷா வருஷம் 'எல்லாம் சரி' என்று கையெழுத்துப் போட்ட வெளித் தணிக்கையாளர் மேலும் வழக்கு வந்தது. எங்கள் தொழிலுக்கு அது தலைகுனிவு, மறைக்க விரும்பவில்லை. அதே வருஷம் நியூயார்க் சட்டம் மாறியது. போர்டு உறுப்பினர்களுக்கு நிதிப் பயிற்சி கட்டாயம், தணிக்கைக் குழு கட்டாயம், எல்லா மாவட்டங்களிலும் மாநிலமே வந்து பார்க்கும் என்றது.

டெக்சாஸில் வெளித் தணிக்கை ஆண்டுதோறும் நடக்கும். நிதியாண்டு முடிந்து 150 நாளுக்குள் அறிக்கை மாநிலக் கல்வித் துறைக்குப் போகவேண்டும். அதை வைத்துத் துறை ஒவ்வொரு மாவட்டத்துக்கும் 'ஃபர்ஸ்ட்' என்ற நிதி நேர்மை மதிப்பீடு கொடுக்கிறது: ஏ, பி, சி, எஃப். மதிப்பெண்ணை விடுங்கள், பெரும்பாலானவர்கள் ஏ வாங்கிவிடுவார்கள். அதோடு வரும் அறிக்கைதான் சுவாரசியம். சூப்பரின்டென்டென்டின் ஒப்பந்தம், அவரும் போர்டு உறுப்பினர்களும் சாப்பாட்டுக்கும் ஹோட்டலுக்கும் பயணத்துக்கும் திரும்ப வாங்கிய தொகை, மாவட்டத்தோடு உறுப்பினர்களுக்கு இருக்கும் வியாபாரம் எல்லாம் அதில் இருக்கவேண்டும். மாவட்டம் அதைப் பொதுக் கூட்டத்தில் வைத்து விளக்கவேண்டும். நான் போன அத்தகைய கூட்டங்களில் மேடையில் ஒன்பது பேர், எதிரே நாற்காலியில் இரண்டு பேர். அதில் ஒருவன் நான், எனக்கு அது வேலை. யார் கேட்கிறார்கள் என்று உங்கள் கணவர் கேட்டாரே, காலி நாற்காலி நிறைய இருக்கிறது என்று சொல்லுங்கள்.

கூட்டத்துக்குப் போக நேரமில்லை என்றால் எழுதிக் கேட்கலாம். மாநிலத்தின் பொதுத் தகவல் சட்டத்தில் யாரும் பில், செக் பட்டியல், ஒப்பந்தம் கேட்கலாம். எதற்கு என்று அதிகாரி கேட்கவே கூடாது. தணிக்கை அறிக்கை கிடைத்தால் முன்பக்கத்து வர்ணப் படங்களைத் தாண்டி நேராகக் கடைசிக்குப் போங்கள். 'கண்டறிந்த குறைகள்' என்ற பட்டியல் அங்கேதான் இருக்கும். போன வருஷம் சொன்ன குறை இந்த வருஷமும் இருந்தால், அதைத்தான் போர்டிடம் கேட்கவேண்டும்.

இத்தனை காவலிலும் பணம் வேறு வழியில் போகிறது. ஆஸ்டின் பக்கத்து மேனர் மாவட்டம் 2020 ஜனவரியில் ஒரு செய்தி சொன்னது: போலி மின்னஞ்சல் மோசடியில், மூன்று தவணையில் 23 லட்சம் டாலர் போய்விட்டது. இந்த வகை மோசடியில் வழக்கமான சப்ளையரின் பெயரில் 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று ஒரு கடிதம் வரும், யாரோ நல்லெண்ணத்தில் மாற்றிவிடுவார்கள். உங்கள் கிளப்புக்கும் இது வரும். பஸ் கம்பெனி கணக்கு எண் மாறியதாக மெயில் வந்தால், அந்த மெயிலில் இருக்கும் நம்பருக்குப் போன் போடாதீர்கள். பழைய பில்லில் இருக்கும் நம்பருக்குப் போடுங்கள்.

கடைசியாக, நாளைக்கு என்ன செய்வது? ஆசிரியருக்கு இப்படி எழுதுங்கள்: "பயணக் கட்டணத்தை கிளப் கணக்கில் வாங்க எங்களால் முடியாது, உங்களுக்கே அது சிக்கல். ஆனால் உதவ முடியும். பஸ் கம்பெனி மாவட்டத்தின் அங்கீகரித்த பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துத் தருகிறோம். கொள்முதல் ஆணைக்கு வேண்டிய விலைப்புள்ளியை வாங்கித் தருகிறோம். வசூல் நாளில் இரண்டு பெற்றோர் வந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ரசீது எழுதுகிறோம். சாக்லேட்டில் வரும் லாபத்தை கிளப் ஒரே செக்காகப் பள்ளிக்கு நன்கொடை தரும், எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டணம் அந்த அளவு குறையட்டும்." பஸ் ஒப்பந்தத்தில் அவர் தன் பெயரில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டாரா என்றும் கேளுங்கள். ஆசிரியர்களுக்குப் பெரும்பாலும் அந்த அதிகாரம் கிடையாது. போட்டிருந்தால் முதல்வரிடம் இந்த வாரமே சொல்லச் சொல்லுங்கள், இப்போது சொன்னால் திருத்திவிடலாம்.

மூன்று வாரம் என்பது பெரும்பாலும் உண்மைதான். பயணம் ஏப்ரலில் என்றால் பஸ்ஸுக்கு முன்பணம் பிப்ரவரியிலேயே கேட்பார்கள். கொள்முதல் ஆணைக்கான விண்ணப்பம் ஜனவரி முதல் வாரத்தில் ஆபீஸ் மேஜைக்குப் போய்விடவேண்டும். கிறிஸ்துமஸ் லீவில் அங்கே யாரும் இருக்கமாட்டார்கள், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.